கரண்ட் அறை: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

போன இதழில் கதிர்வீச்சு சிகிச்சையைப் பற்றி (நம் ஜனங்கள் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்களே, அதுதான்) நான் எழுதிய இரண்டு பக்கத்துக்கு ஒரு கட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் நோயாளிகளின் வீட்டார் எழுதியவை. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. பலர் கேட்டதையும், ஒருவரே கேட்டிருந்தாலும் பலருக்கு மனதில் இருக்கும் என்று எனக்குத் தெரிந்ததையும் எடுத்திருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. தென் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் 31 வருடம் ரேடியோதெரபி டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவள். நோயாளியை மேசையில் படுக்கவைத்து, உடம்பில் போட்ட கோட்டை மிஷினின் வெளிச்சக் கோட்டோடு சேர்த்து, கனத்த கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து பொத்தானை அழுத்துவது என் வேலை. பெரிய டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் பார்ப்பார். நான் தினமும் பார்த்தேன். என் பதில்களும் அந்த இடத்திலிருந்துதான் வருகின்றன. மருந்து, அளவு பற்றி உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

*

என் மனைவிக்கு 52 வயது. கர்ப்பப்பை வாயில் கேன்சர். 25 கரண்ட் எழுதியிருக்கிறார்கள், பிறகு உள்ளேயும் வைக்க வேண்டுமாம். 14 முடிந்துவிட்டது. உதிரப்போக்கு நின்று, முகமே தெளிந்துவிட்டது. ஊரில் அம்மன் கொடை வருகிறது, மகளும் பேரனும் வருகிறார்கள். போக வர பஸ்ஸிலேயே 5 மணி நேரம் போகிறது, அவளும் அலுத்துவிட்டாள். 10 நாள் வீட்டில் இருந்துவிட்டு மீதி 11ஐ அப்புறம் வைத்துக்கொள்ளலாமா?
— விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

வேண்டாம் ஐயா. 10 நாள் வேண்டாம், 2 நாள்கூட வேண்டாம்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. காரணத்தைச் சொல்கிறேன். என் பெரியம்மாவுக்கும் இதே நோய்தான் வந்தது. நான் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரிலிருந்து மதுரைக்குப் போய், ஒரு சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் தங்கி, 16 நாள் கரண்ட் வைத்தார்கள். உதிரப்போக்கு நின்றது. மிளகாய் பறிப்பு வந்தது. "இப்ப நல்லாத்தானே இருக்கேன், பறிப்பு முடிஞ்சதும் போறேன்" என்று ஊருக்கு வந்துவிட்டார்கள். ஐந்து மாதம் கழித்துத் திரும்பப் போனபோது டாக்டர் என் பெரியப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த சித்திரையைப் பெரியம்மா பார்க்கவில்லை. நான் இந்தப் படிப்புக்குப் போனது அதனால்தான்.

உதிரப்போக்கு நிற்பது நல்ல அறிகுறி. ஆனால் அது நோய் போய்விட்டதற்கான அறிகுறி இல்லை. கட்டியின் மேல்பக்கம் சுருங்கி ரத்தக்குழாய் அடைபட்டிருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு நாள் கரண்டும் இருக்கிற செல்களில் ஒரு பங்கைக் கொல்கிறது. மறுநாள் மீதியில் ஒரு பங்கு. அப்படியே 25 நாள் போனால்தான் அடிவரைக்கும் போகும். நடுவில் நிறுத்தினால் மிஞ்சியிருப்பவை சும்மா இருப்பதில்லை. சிகிச்சை தொடங்கி 3, 4 வாரம் ஆனபின், தப்பிப் பிழைத்த செல்கள் முன்பைவிட வேகமாகப் பெருகுகின்றன. உங்கள் மனைவி இப்போது சரியாக அந்த இடத்தில் நிற்கிறார்கள். 10 நாள் கழித்து வந்து அதே 11ஐ வைத்தால் அது பழைய 11 ஆகாது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு வெளியே வைக்கிற கரண்ட், உள்ளே வைக்கிற கரண்ட் (உடம்புக்குள் குழாய் வைத்துக் கொடுப்பது) எல்லாம் சேர்ந்து 8 வாரத்துக்குள், அதாவது 56 நாளுக்குள் முடிய வேண்டும் என்பது உலகம் முழுக்கப் பின்பற்றும் கணக்கு. அதைத் தாண்டுகிற ஒவ்வொரு நாளுக்கும் நோய் அந்த இடத்தில் அடங்கும் வாய்ப்பு ஏறக்குறைய 1 சதவீதம் குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் 10 நாளை அதில் பெருக்கிப் பாருங்கள்.

சனி, ஞாயிறு மட்டும் விடுகிறார்களே என்று கேட்பீர்கள். நல்ல செல்கள் தேறிக்கொள்ளக் கிடைக்கும் அந்த இரண்டு நாளும் முதலிலேயே கணக்கில் சேர்க்கப்பட்டவை. நாமாக எடுக்கிற விடுப்பு சேர்க்கப்படவில்லை.

சரி, கொடைக்கு என்ன செய்வது? உங்கள் பக்கம் கொடை பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை. கரண்ட் அறையில் இருக்கிற டெக்னீசியனிடம் நேராகப் போய்ச் சொல்லுங்கள்: "செவ்வாய் காலை முதல் ஆளாக வைத்துவிடுங்கள், புதன்கிழமை கடைசி ஆளாக வருகிறோம்." எத்தனையோ பேருக்கு நான் இப்படி மாற்றிக்கொடுத்திருக்கிறேன். செவ்வாய் மதியம் ஊர் போய்ச் சேர்ந்து, சாமக்கொடை பார்த்து, புதன் மதியம் திரும்பிவிடலாம். ஒரு நாளும் விட்டுப்போகாது. விரதம் மட்டும் வேண்டாம், பூக்குழியும் வேண்டாம். ரத்த அளவு குறைந்தால் கரண்ட் சரியாக வேலை செய்யாது. கட்டிக்குள் ஆக்சிஜன் போக வேண்டும், அது போவது ரத்தத்தில்தான். வாராவாரம் ரத்தம் எடுத்துப் பார்ப்பது அதற்காகவும்தான். முட்டை, கறி, பருப்பு, எது இறங்குகிறதோ அது தினமும் வயிற்றுக்குள் போகட்டும்.

இன்னொன்று. 5 மணி நேர பஸ் உண்மையிலேயே கொடுமை. "தினமும் வந்துபோக முடியவில்லை, வார்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். நாமாகக் கேட்காமல் பல இடங்களில் சொல்ல மாட்டார்கள். திங்கள் முதல் வெள்ளிவரை வார்டில் இருந்துவிட்டு, வெள்ளி மதியம் ஊருக்குப் போவது எத்தனையோ பேர் செய்வது. பேரனை அந்த இரண்டு நாள் கொஞ்சட்டும்.

*

கரண்ட் வைக்கிறது என்றால் ஷாக் மாதிரி இருக்குமா? என் அம்மா பயந்து வர மறுக்கிறார்கள்.
— சாத்தூர் வாசகி

இருக்காது. ‘கரண்ட்’ என்பது நம் ஜனங்கள் வைத்த பெயர். மின்சாரம் உடம்பைத் தொடுவதே இல்லை. எக்ஸ்ரே எடுக்கும்போது என்ன தெரிகிறதோ அதுதான் தெரியும், அதாவது ஒன்றும் தெரியாது. சூடு இல்லை, வலி இல்லை, வெளிச்சமும் இல்லை. மிஷின் சுற்றும்போது ஒரு இரைச்சல் கேட்கும். அறை குளிரும், ஏசி எப்போதும் ஓடும். அம்மாவுக்கு ஒரு சால்வை கொடுத்தனுப்புங்கள்.

அவர்களுடைய பயம் பெரும்பாலும் வலியைப் பற்றியது இல்லை. எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்தும் அந்த நிமிஷத்தைப் பற்றியது. அதனால் முன்கூட்டியே இதைச் சொல்லுங்கள்: உள்ளே கேமரா இருக்கிறது, மைக் இருக்கிறது, வெளியே ஒருத்தி கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கையைத் தூக்கினால் மிஷினை நிறுத்திவிட்டு உள்ளே வந்துவிடுவாள். கதவைத் திறந்தாலே கதிர் தானாக நின்றுவிடும்படிதான் அந்த அறை கட்டப்பட்டிருக்கிறது. நான் வெளியே போவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் "நான் உங்களைப் பார்த்துக்கிட்டேதான் இருப்பேன்" என்று சொல்வேன். கடைசிவரை அதை விட்டதில்லை.

*

மார்பில் ஆபரேஷன் முடிந்து 15 கரண்ட் வைக்கப் போகிறார்கள். எனக்கு 2 வயதுக் குழந்தை. அதைத் தூக்கலாமா? மாமியார் "கதிர் பட்டவள் பிள்ளையைத் தொடக்கூடாது" என்கிறார்கள். தலைமுடி மறுபடியும் கொட்டுமா?
— தென்காசி வாசகி

தூக்குங்கள் தங்கச்சி. மடியில் போட்டுத் தூங்கவையுங்கள். வெளியே இருந்து வைக்கிற கதிர் உடம்பில் தங்காது. விளக்கை அணைத்த பிறகு சுவரில் வெளிச்சம் ஒட்டிக்கொண்டா இருக்கிறது? அதே மாதிரிதான். மிஷின் நின்றதும் உங்கள் உடம்பில் கதிர் இல்லை. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே படுக்கையில் படுக்கலாம். தைராய்டு புற்றுக்குக் கதிரியக்க அயோடின் மருந்தைக் குடிக்கக் கொடுப்பார்கள், அவர்கள்தான் சில நாள் பிள்ளைகளிடமிருந்து விலகி இருக்க வேண்டும். அதைக் கேள்விப்பட்டு உங்கள் மாமியார் குழம்பியிருக்கலாம். இந்தப் பக்கத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஆபரேஷன் செய்த பக்கத்துத் தோள் இறுக்கமாக இருக்கும். குழந்தையை அந்தக் கையால் சட்டென்று தூக்காதீர்கள், உட்கார்ந்து மடியில் ஏற்றிக்கொள்ளுங்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். மேசையில் அந்தக் கையை மேலே வைத்துத்தான் படுக்க வேண்டும்.

முடி கொட்டாது. கதிர் படுகிற இடத்து முடி மட்டும்தான் போகும். கீமோவில் கொட்டியது இப்போது முளைக்கத் தொடங்கியிருக்கும், அது வளரட்டும்.

தோல் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கதிர் படும் இடத்தில் மஞ்சள் பூசாதீர்கள். எண்ணெய், பவுடர், சென்ட் எதுவும் வேண்டாம். எரிகிறது என்று ஐஸ் வைக்காதீர்கள். குளிக்கலாம், தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டு துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கோடு அழிந்துவிட்டால் வீட்டில் பேனாவால் நீங்களாக வரையவே கூடாது, எங்களிடம் வாருங்கள். ஒரு தடவை ஒரு பெண்மணி நல்ல எண்ணத்தில் மகனை விட்டு ஸ்கெட்ச் பேனாவால் கோட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒன்றரை சென்டிமீட்டர் விலகியிருந்தது. முதல் நாள் படத்தோடு ஒத்துப்பார்த்ததால் கண்டுபிடித்தோம்.

*

அப்பாவுக்குக் கன்னத்தில் புற்று. 33 கரண்ட், கூடவே வாரம் ஒரு கீமோ. தொடங்குமுன் 4 பல்லைப் பிடுங்க வேண்டும் என்கிறார்கள். முகத்தில் முகமூடி போட்டு மேசையோடு பூட்டுவார்களாம், அப்பா "மூச்சு முட்டிச் செத்துடுவேன்" என்கிறார். 30 வருடப் புகையிலைப் பழக்கம். இதெல்லாம் தேவையா? சாப்பிட முடியாமல் போய்விடுமா?
— கோவில்பட்டி வாசகர்

நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள் தம்பி. நான்குமே முக்கியம்.

பல்லை இப்போதே எடுத்துவிடுங்கள். கரண்ட் வைத்தபின் தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும், எச்சிலும் வற்றிவிடும். பிறகு கெட்ட பல்லைப் பிடுங்கினால் அந்தக் குழி ஆறாமல் எலும்பே அரித்துப்போகிற ஆபத்து இருக்கிறது. இப்போது எடுத்தால் புண் ஆற 2 வாரம் விட்டுத் தொடங்குவார்கள். இதையும் மனதில் வையுங்கள்: 10 வருடம் கழித்து அப்பா வேறு ஊரில் பல் டாக்டரிடம் போனாலும், "தாடையில் கரண்ட் வைத்திருக்கிறது" என்று முதலில் சொல்ல வேண்டும்.

முகமூடியை நாங்கள் ஆர்ஃபிட் என்போம். வெந்நீர்த் தொட்டியில் போட்டால் அப்பளம் மாதிரி இளகும் ஒரு பிளாஸ்டிக் வலை. எடுத்துத் துடைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே முகத்தில் விரித்து அழுத்துவோம். கொஞ்ச நேரத்தில் அவருடைய மூக்கு, நாடி, நெற்றி அச்சு அப்படியே பதிந்து இறுகிவிடும். முழுக்க ஓட்டைகள்தான், மூச்சு நன்றாகப் போகும். இது எதற்கு? கன்னத்துக்குப் பக்கத்திலேயே தண்டுவடம், எச்சில் சுரப்பி, கண் எல்லாம் இருக்கின்றன. அரை சென்டிமீட்டர் தலை திரும்பினாலும் கதிர் படக்கூடாத இடத்தில் படும்.

அப்பாவுக்கு இதைச் செய்துகாட்டுங்கள்: வீட்டில் ஒரு மெல்லிய ஈரத் துண்டை முகத்தில் போட்டு, நிமிர்ந்து படுத்து, மெதுவாக 100 வரை எண்ணச் சொல்லுங்கள். நாலு நாள் பழகினால் போதும். பயந்த நோயாளிகளிடம் நான் முதல் நாள் அச்சை மேலே வைத்து, கொக்கியை மாட்டாமல் ஒரு நிமிஷம் விடுவேன். பிறகு மாட்டுவேன். அப்படிச் செய்யும்படி அங்கிருப்பவர்களைக் கேளுங்கள். மேசையில் மொத்தம் 10, 15 நிமிஷம்தான்.

சாப்பாடு கஷ்டமாகும். மறைக்க விரும்பவில்லை. முதல் இரண்டு வாரம் பெரிதாகத் தெரியாது. மூன்றாவது வாரம் ருசி போகும், வாய் வெந்தது மாதிரி சிவக்கும், புண் வரும். ஐந்தாவது, ஆறாவது வாரம் எச்சிலை விழுங்கவே அழுவார்கள். முடித்தபின் இரண்டொரு வாரம் கழித்துத்தான் அந்த வேதனை குறையத் தொடங்கும். அதனால் இப்போதே எடையைப் பார்த்து எழுதிவையுங்கள், வாராவாரம் பாருங்கள். பாசிப்பருப்புக் கஞ்சி, மோரில் கரைத்த குழைந்த சாதம், அரைவேக்காட்டில் இல்லாமல் நன்றாக வெந்து மசித்த முட்டை, பாலில் ஊறவைத்த இட்லி, வாழைப்பழக் கூழ். காரம், புளி, சூடு மூன்றும் வேண்டாம். ஒரு லிட்டர் ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கரைத்து, இரண்டு மணிக்கொரு தரம் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். கடையில் விற்கிற, எரிச்சல் தரும் மவுத்வாஷ் வேண்டாம்.

எடை இறங்கினால் மூக்கு வழியாக ட்யூப் போடலாம் என்பார்கள். உடனே சரி என்று சொல்லுங்கள். ட்யூப் போட்டால் ஆள் முடிந்துவிட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது, நான் அதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். உண்மை நேர் எதிர். ட்யூப் போட்டுக்கொண்டு 33ஐயும் முடித்து, பிறகு அதை எடுத்துவிட்டு மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர்களை எனக்குத் தெரியும். சாப்பிட முடியவில்லை என்று 20இல் நின்றவர்களையும் தெரியும். அப்பா மெலிந்தால் ஆர்ஃபிட் தொளதொள ஆகிவிடும், அச்சைத் திரும்ப எடுத்து, ஸ்கேன் எடுத்து, திட்டத்தையே மாற்றிப் போட வேண்டிவரும்.

புகையிலையை இன்றே நிறுத்த வேண்டும். "இனி விட்டு என்ன ஆகப்போகுது" என்பார். கரண்ட் வைக்கிற நாட்களிலும் போடுகிறவர்களுக்குப் புண் அதிகம், பலன் குறைவு. அப்பாவின் இடுப்பு மடிப்பை நீங்கள்தான் பார்க்க வேண்டும், வேறு யார் சொன்னாலும் கேட்க மாட்டார்.

*

அரசு ஆஸ்பத்திரியில் இருப்பது பழைய மிஷின், தனியாரில் புது மிஷின் என்று ஒருவர் சொல்கிறார். 2 ஏக்கரை ஒத்திக்கு வைத்துப் பணம் கட்டலாம் என்றிருக்கிறோம். செய்யலாமா?
— அருப்புக்கோட்டை வாசகர்

ஒத்திப் பத்திரம் எழுதுமுன் ஒரு வாரம் பொறுங்கள்.

மிஷினில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று கோபால்ட். அதன் தலைக்குள் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் ஒரு சிறு உருளையில் இருக்கும். அதன் வீரியம் மாதத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம் குறைந்துகொண்டே போய், 5 வருடம் 3 மாதத்தில் பாதியாகும். பழைய சோர்ஸ் (அந்தக் கதிரியக்கப் பொருள்) என்றால் அதே அளவு கொடுக்க அதிக நேரம் படுக்க வேண்டும். அளவு குறையாது, நேரம்தான் கூடும். இன்னொன்று லீனியர் ஆக்சிலரேட்டர், சுருக்கமாக லினாக். அதில் கதிரியக்கப் பொருளே கிடையாது, மின்சாரத்தில் உண்டாகிற எக்ஸ் கதிர். ஆழத்தில் இருக்கிற கட்டிக்குக் கூர்மையாகப் போகும், தோலைக் கொஞ்சம் காப்பாற்றும், கட்டியின் வடிவத்துக்கு ஏற்பக் கதிரை வளைத்துக் கொடுக்கலாம்.

லினாக் நல்ல மிஷின்தான். ஆனால் அது தனியாரில் மட்டும் இருந்த காலம் போய்விட்டது. மதுரை, கோவை, தஞ்சாவூர், தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இப்போது லினாக் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களிடம் ஒரே ஒரு கோபால்ட்தான். எலும்புக்குப் பரவி வலியில் துடிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு நாள் 8 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு) கொடுத்து வலியைக் குறைக்கிற வேலைக்கு இன்றைக்கும் அது போதும். மூளைக்குப் பக்கத்தில், புராஸ்டேட்டில், கழுத்தில் என்றால் லினாக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை: "எங்க வீட்டு ஆளுக்கு எந்த மிஷின், ஏன்?" என்று டாக்டரிடமே கேளுங்கள். மிஷின் வயதைவிட, நோயாளிக்குத் திட்டம் போடுகிற பிசிசிஸ்ட் (இயற்பியல் நிபுணர்) யார், தினமும் காலையில் அளவைச் சரிபார்க்கிறார்களா என்பது பெரிய விஷயம்.

பணம்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். கதிர்வீச்சு சிகிச்சையும் அதில் உண்டு, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. விஏஓவிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் முதலில் கையில் எடுங்கள். ஒப்புதல் வரச் சில நாள் ஆகும், அதனால் பயாப்சி ரிப்போர்ட் வந்த அன்றே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். நிலம் இருக்கட்டும். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வருகிற மனுஷனுக்குச் சோறு வேண்டும்.

*

மிஷின் ரிப்பேர் என்று என் தம்பியை 4 நாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாள் விடக்கூடாது என்று போன இதழில் நீங்களே எழுதினீர்கள். இப்போது யாரைக் கேட்பது?
— ஊர் குறிப்பிடாத வாசகி

உங்கள் கோபம் நியாயமானது. கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று இருக்கிறது. டாக்டரிடம் போய், "விட்டுப்போன 4 நாளை எப்படி ஈடுகட்டப் போகிறீர்கள்?" என்று இதே வார்த்தையில் கேளுங்கள். வழி இருக்கிறது. சனிக்கிழமை வைக்கலாம். ஒரே நாளில் குறைந்தது 6 மணி நேர இடைவெளி விட்டு இரண்டு தடவை வைக்கலாம். பக்கத்து மருத்துவமனைக்கோ இன்னொரு மிஷினுக்கோ மாற்றலாம். தொண்டை, வாய், கர்ப்பப்பை வாய் நோயாளிகளுக்கு இதை முதலில் செய்ய வேண்டும். மார்புக்கு ஆபரேஷனுக்குப் பின் வைப்பவர்கள் ஒன்றிரண்டு நாள் பொறுக்கலாம்.

என் வேலைக் காலத்திலும் ஒரு தடவை ஒரு மிஷின் பழுதாகி, பாகம் வர 9 வேலை நாள் ஆனது. இரவு 10 மணிவரை இன்னொரு மிஷினான கோபால்ட்டை ஓட்டினோம், ஞாயிற்றுக்கிழமையும் வந்தோம். மிஷின் சரியானதும் எல்லோருக்கும் போன் போட்டோம். வாய்ப் புற்று இருந்த ஒரு லாரி டிரைவர் மட்டும் கிடைக்கவில்லை. சிகிச்சை அட்டையில் இருந்த போன் நம்பர் அணைந்து கிடந்தது. 22 முடித்திருந்தார், 11 பாக்கி. அவர் திரும்ப வரவே இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு நம்பர் எழுதினேன். ஒன்று வீட்டு நம்பர், இன்னொன்று பக்கத்து வீடோ தெருமுனை டீக்கடையோ. உங்கள் தம்பியின் அட்டையில் இரண்டு நம்பர் இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள்.

*

எனக்கு 38 வயது. கர்ப்பப்பை வாய்க்குக் கரண்ட் வைத்து முடித்து 2 மாதம் ஆகிறது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கணவரோடு சேர முடியவில்லை, வலிக்கிறது. இனி இப்படித்தானா? அவருக்கு என்னால் நோய் வருமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி

நீங்கள் எழுதியதற்கு நன்றி தங்கச்சி. 31 வருடத்தில் இதை வாய்விட்டுக் கேட்டவர்கள் மிகச் சிலர். மனதில் வைத்துக்கொண்டே போனவர்கள் நிறைய. நாங்களும் சொல்லியிருக்க வேண்டும். ஆண் டாக்டர், கூட்டமான ஓபி, கூடவே மாமியார் என்றால் யாரும் இதைப் பேசுவதில்லை.

கதிர் பட்டபின் பெண்ணுறுப்பின் உட்பாதை வறண்டு, சுருங்கி, ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். சூலகமும் வேலையை நிறுத்திவிடுவதால் மாதவிலக்கு நின்று, உடம்பில் திடீர் வெக்கை வரும். சும்மா விட்டால் பாதை இன்னும் குறுகும். குறுகாமல் இருக்க டைலேட்டர் என்று ஒரு வழுவழுப்பான குழல் இருக்கிறது. வழுக்கும் ஜெல் தடவி வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, சில நிமிஷம் உள்ளே வைத்து எடுப்பது. எப்போது தொடங்கலாம், எந்த அளவு என்று டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். கூச்சமாக இருந்தால் பெண் டாக்டர் இருக்கும் நாளாகப் போங்கள், அல்லது "கரண்ட் வைத்தபின் பாதை சுருங்குகிறது, டைலேட்டர் வேண்டும்" என்று ஒரு சீட்டில் எழுதி நீட்டுங்கள். பேசவே வேண்டியதில்லை. செக்கப்பின்போது டாக்டர் உள்ளே பரிசோதித்துப் பார்ப்பதற்கும் பாதை திறந்திருப்பது அவசியம்.

வலி இருக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சேர வேண்டாம். இதைக் கணவரும் படிக்கட்டும்: புற்று ஒட்டாது, கதிரும் ஒட்டாது, அவருக்கு ஒன்றும் வராது. அவர் கொஞ்சம் பொறுத்தால் உங்கள் உடம்பு மெதுவாகத் தேறி வரும். சேர்ந்தபின் லேசாக ரத்தம் கசிந்தால் பயப்படாமல், ஆனால் தள்ளிப்போடாமல், டாக்டரிடம் சொல்லுங்கள்.

*

போக்குவரத்துக்குச் சலுகை உண்டா? முடிந்தபின் என்ன செய்ய வேண்டும்?
— பலர்

ரயிலில் உண்டு. சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணமும் தள்ளுபடி. கூடப் போகும் ஒருவருக்கு அதே வகுப்புகளில் 75 சதவீதம். அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது, டாக்டரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி ரயில்வே கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். பெண்களுக்கு அரசு சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகள் இலவசம் என்பது உங்களுக்கே தெரியும்.

முடிந்தபின் முதல் செக்கப்பை விடாதீர்கள். அன்று வந்தவர்களுக்குத்தான் அடுத்த தேதி கிடைக்கும். அப்புறம் அந்த அட்டை. எத்தனை கிரே, எத்தனை நாள், எந்த இடம், எந்தத் தேதி தொடங்கி எந்தத் தேதி முடிந்தது என்று அதில் இருக்கும். நிறையப் பேர் ‘முடிந்ததே’ என்று அதைத் தொலைத்துவிடுகிறார்கள். வேறு இடத்தில் என்றைக்காவது கரண்ட் வைக்க வேண்டி வந்தால், முன்பு எங்கே எவ்வளவு வைத்தது என்று தெரியாமல் எந்த டாக்டரும் தைரியமாகக் கை வைக்க முடியாது. ஒரு ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் படம் பிடித்துக்கொண்டு, அசலை ரேஷன் கார்டு வைத்திருக்கிற அதே பையில் வையுங்கள்.